உப்புவெளியில 10 பேர்ச் வளவு: எத்தனை கோழி காணும்?

கணக்கு டீச்சர் (உப்புவெளி, திருகோணமலை)

வணக்கம். கோழி வளர்க்கிறது எண்டு எங்கட வீட்டில ஒருவழியா முடிவாகிட்டுது. எத்தனை எண்டதிலதான் மூண்டு கிழமையா இழுபறி. இவர் பன்னிரண்டு எண்டுறார். மாமி, ரெண்டு ஊர்க்கோழிப் பேடும் ஒரு சேவலும் காணும், மிச்சத்தை அதுகளே பார்த்துக்கொள்ளும் எண்டுறா. மகளுக்கு ஒரே ஒரு கோழி போதுமாம். ஆனா அது மடியில ஏறி இருக்கோணுமாம். மகனுக்கு முட்டை பொரிச்சுத் தட்டில வந்தாச் சரி.

நான் கணிதம் படிப்பிக்கிறனான். எதையும் கொப்பியில எழுதிப் பார்க்காட்டி நித்திரை வராது. எழுதினது இது:

வளவு 10 பேர்ச், சதுர அடியில 2,722. வீடு, விறாந்தை, கிணத்தடி, இவரிட மோட்டார் சைக்கிள் கொட்டில் எல்லாம் போக, பின்னுக்கு 22 அடிக்கு 18 அடி வெறும் மணல் கிடக்கு. மேற்கு மூலையில ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம், கிணத்தடியோட ஒரு முருங்கை. மேற்கால பக்கத்து வீட்டு மதில், ஆறடி. அந்த வீட்டு அக்காவின்ட உடுப்புக் கொடி மதிலுக்கு அங்கால ஒட்டின மாதிரி நிக்குது. அதையும் சொல்லி வைக்கிறன்.

ஒரு கோழி உலாவ 10 சதுர அடி வேணும் எண்டு வாசிச்சன். 22 ஐ 18 ஆல பெருக்கினா 396. அப்ப 39 கோழி. இவர் எட்டிப் பார்த்திட்டு, "பன்னிரண்டு கேட்ட நான் எவ்வளவு அடக்கமான மனுசன்" எண்டார்.

இடத்தை விட்டிட்டு முட்டையில இருந்து வந்து பார்த்தன். வீட்டில அஞ்சு பேர். மாமி முட்டை தொடமாட்டா. வெள்ளிக்கிழமை ஒருத்தருக்கும் மச்சம் இல்லை, முட்டையும் அதுக்குள்ளதான். நாலு பேர், ஆறு நாள், ஆளுக்கு ஒண்டு எண்டா கிழமைக்கு 24. முட்டைக்கெண்டு வளர்க்கிற கபிலக் கோழி, அதான் மண்ணிறக் கோழி, ஒண்டு கிழமைக்கு அஞ்சு முட்டையாவது போடும் எண்டுறாங்க. 24 ஐ 5 ஆல பிரிச்சா 4.8. அரைக்கோழி வாங்க ஏலாது, அஞ்சு. ஒண்டு செத்தால் எண்டு பயத்தில ஒண்டு கூட்டி ஆறு. நான் ஆறில நிக்கிறன்.

சாம்பல்தீவில அம்மம்மா வீட்டில முப்பதுக்கு மேல கோழி நிண்டது. கூடெண்டு ஒண்டும் இல்லை, இருட்டினா முருங்கையில ஏறிப் படுக்கும். எண்ணினாக் குறையும் எண்டு அம்மம்மா எண்ணவே விடமாட்டா. அது காணி. இது மணல் போட்ட பெட்டி மாதிரி ஒரு வளவு. அதாலதான் கேக்கிறன்: ஆறு கூடவா, குறைவா?

இன்னொண்டு. இந்த ஆவணியில கிணத்துத் தண்ணி உவர்த்துப் போச்சு. ஊர்ப் பேரிலயே உப்பு இருக்கேக்க ஆரை நோகிறது. கோழிக்கு அது காணுமா?

பாலையூற்று ஓட்டோக்காரன்

டீச்சர், பெருக்கல் பிரித்தல் எல்லாம் சரி. நாளைத்தான் பிழையாத் தெரிஞ்செடுத்திருக்கிறீங்க. உங்கட கணக்கு பங்குனி மாதத்து நல்ல நாளுக்குப் போட்ட கணக்கு. கார்த்திகையில அஞ்சு நாள் விடாமப் பெய்யிற மழைக்கு ஒருக்காப் போட்டுப் பாருங்க.

ஏன் சொல்லுறன் எண்டா நான் பட்டவன். 2022இல ஓட்டோவைப் பெற்றோல் வரிசையில விட்டிட்டு வீட்டில இருந்த நேரம். உழைப்பு இல்லை, முட்டை விலை ஏறிக்கொண்டு போகுது. அப்பதான் லொறியில கொண்டுவந்து வித்தவனிட்ட பதினைஞ்சு கபிலப் பேடு வாங்கினன். எங்கட வளவு 6 பேர்ச். கூடு 8 அடிக்கு 5 அடி, மேல தகரம். காலமை திறந்து விட்டா வளவெல்லாம் மேயும், பின்னேரம் தானா உள்ள போகும். முதல் மாதம் பன்னிரண்டு, பதின்மூண்டு முட்டை. பக்கத்து வீட்டுக்கெல்லாம் குடுத்துப் பெருமை அடிச்சன்.

வைகாசி முடிய கச்சான் காத்துத் தொடங்கிச்சு. உங்களுக்குத் தெரியும்தானே, அது காத்து இல்லை, அடுப்பு வாய். கோழி எல்லாம் செட்டையை விரிச்சு, வாயைத் திறந்து இளைச்சுக்கொண்டு நிண்டது. முட்டைக் கோது கடதாசி மாதிரி வந்துது. ஒரு நாள் ரெண்டு மணிக்கு ஓட்டோ விட்டிட்டு வந்து பார்க்கிறன், ஒண்டு தகரக் கூட்டுக்குள்ள காலை நீட்டிச் செத்துக் கிடக்கு. வளவு முழுக்க வெயில், நிழலெண்டு கிடந்தது அந்தக் கூடு ஒண்டுதான், அது சூளை.

பிறகு தீன் பிரச்சினை. கோழித்தீன்ல அரைவாசி சோளம். அதுக்கு முதல் வருசம் ரசாயன உரத்தை நிப்பாட்டினதில இங்க விளைச்சல் விழுந்துட்டுது, டொலர் இல்லாமல் வெளியில இருந்தும் ஒழுங்கா வரல்ல. கடையில மூட்டை கிடைச்சாலும் வாங்கிற விலை இல்லை. தவிட்டையும் தேங்காய்ப் புண்ணாக்கையும் குழைச்சு வைச்சன். வயிறு நிறைஞ்சுது, முட்டை நிண்டுது.

எல்லாத்துக்கும் மேல மழை. கார்த்திகையில ஆறு நாள் திறக்கவே ஏலாமப் போச்சு. பதினாலு கோழி, 40 சதுர அடி. ரெண்டாம் நாளே கீழ சேறு. மூண்டாம் நாள் கதவைத் திறந்தா கண் எரியுது. நாலாம் நாள் ஒண்டையொண்டு கொத்தத் தொடங்கிச்சு. ஒரு பேட்டின்ட வால்பக்கத்தைக் கொத்தி ரத்தம் வர வைச்சிட்டுதுகள். ரத்தத்தைக் கண்டா மற்றதும் வந்து கொத்தும். முட்டையைத் தாங்களே உடைச்சுக் குடிக்கப் பழகினதும் அந்தக் கிழமைதான். பக்கத்து வீட்டு அம்மா சண்டை பிடிக்கேல்ல. "தம்பி, வாடை உங்கட பக்கத்தால வருது" எண்டு மட்டும் சொல்லிட்டு யன்னலைச் சாத்தினா. சண்டை பிடிச்சிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

நத்தாருக்கு முதல் எட்டை வித்திட்டன். ஆறு மிஞ்சிச்சு. இப்ப கேளுங்க டீச்சர்: பதினாலு நிக்கேக்க கடைசியா ஒரு நாளைக்கு நாலு முட்டை எடுத்தன். ஆறு நிக்கேக்கயும் நாலு முட்டை.

நீங்க ரெண்டு இடத்தை அளந்துபோட்டு வாங்க. கார்த்திகையில நனையாத இடம் எத்தனை சதுர அடி? இப்ப ஆவணி வெயில்ல ரெண்டு மணிக்கு நிழல் விழுற இடம் எத்தனை சதுர அடி? இந்த ரெண்டில சின்னனை வைச்சுத்தான் கோழியை எண்ணோணும். 396 எல்லாம் கொப்பியில நிக்கட்டும்.

ஸ்காபரோவில் திருக்கடலூரான்

இங்க டொரொண்டோவில 2018இல வீட்டில கோழி வளர்க்கப் பரீட்சார்த்தமா ஒரு திட்டம் தொடங்கினவங்கள். அதில வீட்டுக்கு 4 பேடு, அதுக்கு மேல கூடாது, சேவல் கூடவே கூடாது எண்டு இருந்தது. இருபத்தைஞ்சு வருசம் சேவல் சத்தத்தில எழும்பின எனக்கு இப்ப பனி தள்ளுற மிசின் சத்தத்தில விடியுது. டீச்சர், உங்கட மாமி சொல்லுற சேவலை எனக்காக ஒண்டு வளர்க்க ஏலுமா? போனில கூவ விட்டாக் காணும்.

கணக்கு டீச்சர்

ஓட்டோக்கார அண்ணா, வாசிச்சிட்டு இவர் ஒரு சொல்லும் கதைக்கேல்ல. நான் நேத்துப் பள்ளிக்கூடம் விட்டு வந்து அளந்தன், மகள் நாடா பிடிச்சா.

ரெண்டு மணிக்கு மதில் நிழல் மூண்டரை அடி அகலம். நீளம் 22 அடி. மாமர நிழல் மதில் நிழலோட கொஞ்சம் சேருது. சேருற பங்கைக் கழிச்சாப் பிறகு மொத்தம் 130 சதுர அடி போல. மூண்டு மணிக்கு மதில் நிழல் அஞ்சடியைத் தாண்டிட்டுது. ஆக 13 கோழி.

நனையாத இடம்தான் அடி விழுத்தினது. வீடு முத்தத்துக்குக் கிழக்கால நிக்கிறதால வாடை மழையை வீடே மறிச்சுப்போடும். குசினிச் சுவரோட தாழ்வாரத்தைக் கொஞ்சம் நீட்டினா 6 அடிக்கு 4 அடி நனையாமக் கிடைக்கும். அதுக்கு மேல நீட்டினா கிணத்தடிக்குப் போக வழி இல்லை. 24 சதுர அடி. கூட்டுக்குள்ள ஒரு கோழிக்கு 4 சதுர அடி எண்டு வைச்சா ஆறு. அண்ணா ஆறு கோழியை 40 இல வைச்சுத்தான் நிம்மதியா இருந்தவர். அந்த வீதத்துக்கு எனக்கு மூண்டரை.

39, 13, 6, மூண்டரை. திருக்கடலூர் அண்ணா, சேவல் இல்லை. மன்னிக்கோணும்.

தம்பலகாமம் வயல்காரன்

பிள்ளை, மாமியின்ட யோசனையை லேசா எடுக்காத. ஆனா அது முட்டைக்குரிய யோசனை இல்லை.

ஊர்க்கோழிப் பேடு பத்துப் பன்னிரண்டு முட்டை போடும், அடைக்குப் படுக்கும். 21 நாள் அடை, பிறகு குஞ்சோட ரெண்டு மூண்டு மாதம் திரியும். அதுக்குப் பிறகுதான் அடுத்த சுற்று. வருசத்துக்கு அம்பது முட்டை வந்தாப் பெரிய காரியம். நீ கேட்ட 24 முட்டை எண்டா வருசத்துக்கு ஆயிரத்து இருநூற்றைத் தாண்டுது. அதுக்கு இருபத்தைஞ்சு ஊர்க்கோழி வேணும். சாம்பல்தீவு அம்மம்மா முப்பது வைச்சிருந்தது சும்மா இல்லை.

சேவல் இல்லாட்டி முட்டை வராது எண்டு மாமி சொன்னாலும் சொல்லுவா. வரும். குஞ்சுதான் வராது. சேவல் வைச்சாப் பிறகு எத்தனை கோழி எண்டதை நீ தீர்மானிக்க ஏலாது, அடைக்கோழிதான் தீர்மானிக்கும். பத்துக் குஞ்சு பொரிச்சா பருந்துக்கும் காகத்துக்கும் போக அஞ்சு மிஞ்சும். அதில ரெண்டோ மூண்டோ சேவல். ஆறு மாதத்தில உன்ட பத்துப் பேர்ச்சில ரெண்டு சேவல் சண்டை. அப்ப உடுப்புக் கொடி அக்கா என்ன சொல்லுவா எண்டு யோசி.

ஒரு ஊர்க்கோழிப் பேட்டைக் கபிலக் கோழியோட சேர்த்து விடலாமா எண்டும் கேப்பா. விடாத. கபிலக் கோழி சாதுவான சாதி. ஊர்ப்பேடு வந்த அண்டே சாப்பாட்டுச் சட்டிக்கு ராசாத்தி ஆகிப்போடும்.

கூட்டைச் சொல்லுறன். வலை அரை இஞ்சிக் கண்ணா இருக்கோணும். ரெண்டு இஞ்சிக் கண்ணெண்டா கீரிப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி உள்ள போய்வரும். அடியால தோண்டும், அதால வலையை ஒரு அடி மண்ணுக்குள்ள தாழ்த்து. உனக்கு மணல் நிலம், தோண்டிறதும் லேசு, அதுக்கும் லேசு. ராவில மரநாய் வரும். பூட்டை மறந்த ஒரு ராவு போதும், நான் ஒன்பது கோழியை அப்பிடித்தான் குடுத்தன். தின்னவும் இல்லை, கழுத்தைக் கடிச்சுப் போட்டிட்டுப் போயிருந்தது.

கீழ உமி போடு, நாலு இஞ்சிக்குக் குறையாம. கிழமைக்கு ரெண்டு தரம் வாரியால கிளறு. நனைஞ்ச பக்கத்தை அள்ளி முருங்கைக்குப் போட்டிட்டுப் புது உமி கொட்டு. ஓட்டோக்காரத் தம்பிக்குக் கண் எரிஞ்சது உமி இல்லாததால. இங்க மில்லடியில உமி மலை மாதிரிக் கிடக்கு, காசு ஒண்டும் வேண்டாம்.

கிண்ணியா உம்மா

டீச்சர், அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் கூட்டையும் மழையையும் சொல்லிட்டாங்க. நான் தண்ணியையும் மீனையும் சொல்லுறன், மறுகா ஒரு முக்கியமான விசயம் இரிக்கு.

உவர்த் தண்ணி குடுக்காதீங்க. உப்புக் கூடினாக் கோழி தண்ணியைக் கூடக் குடிக்கும், கூடக் குடிச்சா எச்சம் தண்ணியாப் போகும், உமி எவ்வளவு போட்டாலும் நனைஞ்சுதான் கிடக்கும். மணம் அங்க இருந்துதான் தொடங்குது. குழாய்த் தண்ணி பிடிச்சு வைங்க. ஒரு கோழி சாதாரணமாக் கால் லீற்றர் குடிக்கும், கச்சான் காலத்தில அதின்ட ரெண்டு மடங்கு. மண்சட்டியில ஊத்தி மாமரத்துக்குக் கீழ வைங்க. தகரத்துக்கு மேல வெயில் பட்ட தண்ணியைக் கோழி தொடாது. கூட்டுக்கு மேல கிடுகு போடுங்க. உங்கட கூடு வீட்டுக்கு மேற்குப் பக்கம், பின்னேர வெயில் நேராப் பிடிக்கும். அந்தப் பக்கத்துக்கு ஒரு சாக்கை நனைச்சுத் தொங்க விட்டா உள்ளுக்குக் குளிர்ச்சி. தீனை விடியக்காலையும் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகும் போடுங்க. உச்சி வெயிலில திண்டா சமிக்கிற சூடும் சேர்ந்து அதுகளைக் கொல்லும்.

மீன். நம்மட ஊரில ஆருக்கும் வாற யோசனை, மீன் கழுவின குடலையும் தலையையும் கோழிக்குப் போட்டாத் தீன் மிச்சம் எண்டு. நானும் போட்டன். கபிலக் கோழி முட்டையைப் பொரிச்சாச் சூடைக் கருவாடு பொரிச்ச மணம். புள்ளைகள் தட்டைத் தள்ளி விட்டுட்டாங்க. கருவாட்டுத் தூள் இன்னும் மோசம், அதில உப்பு வேற. முருங்கை இலை இரிக்கிதானே, அதைக் கொத்துக் கொத்தாக் கட்டித் தொங்க விடுங்க, கொத்தித் திங்கிறதிலயே அதுகளுக்குப் பொழுது போகும். மஞ்சள் கரு நல்ல நிறமா வரும்.

இப்ப முக்கியமானது. உங்கட மகள் மடியில வைக்கோணும் எண்டு சொன்னா எண்டு எழுதியிரிக்கீங்க. டீச்சர், மடியில வைச்ச கோழிக்குப் பேர் வைப்பா. பேர் வைச்ச கோழியைக் கறி வைக்க ஏலாது. என்ட வீட்டில அப்பிடித்தான் ஒருத்தி இரிக்கா, ஆறு வயசு. கடைசி முட்டை போட்டு ரெண்டு வருசம். காலையில முதல் ஆளாச் சட்டிக்கு வருவா.

கபிலக் கோழி முதல் வருசம் நல்லாப் போடும், ரெண்டாம் வருசம் அஞ்சில ஒரு பங்கு குறையும், மூண்டாம் வருசம் இன்னும் குறையும். ஆனா உசிரோட அஞ்சு ஆறு வருசம் இரிக்கும். நீங்க ஒரே நாளில ஆறும் வாங்கினா ஆறும் ஒரே நாளில கிழவி ஆகும். கூடு நிரம்பி இரிக்கும், முட்டைக்குக் கடைக்குப் போவீங்க. புதுசா வாங்க இடம் இரிக்காது. எல்லாரும் முட்டைக்குக் கணக்குப் போடுறாங்க, பென்சன் எடுத்த கோழிக்கு ஒருத்தரும் இடம் வைக்கிறதில்ல.

அதனால கூடு எத்தனைக்குக் காணுமோ அத்தனையும் இப்ப வாங்காதீங்க. பாதியை வாங்கி, மறு வருசம் மிச்சத்தை வாங்குங்க. இல்ல, வித்துப்போட்டு மாத்துவம் எண்டா இப்பவே மகளிட்டச் சொல்லி வைங்க. முட்டைக்கோழி வேற, செல்லக்கோழி வேற எண்டு. சொல்லிப் பாருங்க, எனக்கு ஏலாமப் போச்சு.

ஓய்வுபெற்ற கால்நடை உத்தியோகத்தன்

இந்த அம்மா சொன்னது சரி. உத்தியோகத்தில இருந்த காலத்தில எத்தனையோ பேருக்கு இருபது, முப்பது எண்டு எழுதிக் குடுத்தவன் நான். எனக்கே இந்தக் கிழவிக் கணக்கு வீட்டில கோழி வளர்க்கத் தொடங்கினாப் பிறகுதான் விளங்கினது.

சில குறிப்பு மட்டும்.

இரண்டில் இருந்து தொடங்க வேண்டாம். கோழி கூட்டமா இருக்கிற சீவன். ரெண்டில ஒண்டு போனா மற்றது தனிச்சுப்போகும், தனிச்சது சாப்பிடாது. மூண்டு குறைந்த பட்சம். பிறகு சேர்க்கிறதையும் ஒண்டு ஒண்டாச் சேர்க்காதீர்கள், ரெண்டாச் சேருங்கள். தனியா வாற புதுப்பேட்டைப் பழையதுகள் கொத்தித் தின்ன விடாது. ரெண்டெண்டா அடி பகிர்ந்து போகும். வந்த உடன கூட்டில விடாமல் ரெண்டு மூண்டு கிழமை வேற இடத்தில வைத்துப் பாருங்கள். தும்மல், தூக்கம், பச்சைக் கழிச்சல் இருந்தால் கூட்டோட சேர்க்கக் கூடாது.

குஞ்சு வாங்க வேண்டாம். 16 முதல் 18 கிழமைப் பேடு வாங்குங்கள், ஒரு மாதத்துக்குள் முட்டைக்கு வரும். என்னென்ன ஊசி, சொட்டு மருந்து குடுத்தது எண்டு விற்கிறவரிட்ட எழுதி வாங்குங்கள். ராணிக்கேத் எண்ட கோழி நோய் வந்தால் மூண்டும் போகும், முப்பதும் போகும். அதுக்குரிய தடுப்பு மருந்துக் குப்பி நூறு, இருநூறு கோழிக்கு எண்டு வரும், கரைச்சா ஓரிரு மணித்தியாலத்துக்குள்ள குடுத்து முடிக்கோணும். மூண்டு கோழிக்காக ஒரு குப்பியை உடைக்க மாட்டார்கள். உப்புவெளியில கோழி வைத்திருக்கிற நாலைஞ்சு வீட்டைச் சேர்த்துக்கொண்டு மிருக வைத்தியர் அலுவலகத்தில நாள் கேளுங்கள்.

தீன்: முட்டைக்கோழி நாளைக்கு 120 கிராம் போலத் தின்னும். மூண்டு கோழிக்கு 360 கிராம். 25 கிலோ மூட்டை ஒண்டு 69 நாள் கிடக்கும். உங்கட கடற்காத்தில, அதுவும் மழைக் காலத்தில, அத்தனை நாளில பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணத் தீன் ஈரலுக்கு நஞ்சு. மூட்டையைப் பாதியாப் பகிர ஒரு வீடு பாருங்கள், அல்லது சில்லறையாக அஞ்சு அஞ்சு கிலோ வாங்குங்கள்.

கோது மெல்லிசா வந்தால் தனிச் சட்டியில சிப்பித் தூள் வையுங்கள். வேண்டியது தானா எடுக்கும். கச்சான் காலத்தில இளைக்கிற கோழிக்குச் சிப்பி வைத்தாலும் கோது முழுசாத் திருந்தாது. இளைக்கிறதில காபனீரொட்சைட் போய்விடும், கோது கட்ட அது வேணும். அதுக்கு மருந்து நிழல்தான்.

பாலையூற்று ஓட்டோக்காரன்

சேர், 2022இல நீங்க எங்க இருந்தீங்க?

கணக்கு டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. நேத்து இரவு சாப்பாட்டு மேசையில தீர்ப்புச் சொல்லியாச்சு.

கூடு 6 அடிக்கு 4 அடி, குசினிச் சுவரோட. அரை இஞ்சி வலை, மேல கிடுகு. முதல் மதிலோட வைப்பம் எண்டு இவர் சொன்னவர், பின்னேரம் நிழல் கூட எண்டு. நான் மாட்டன் எண்டுட்டன். மழைக்கு வாடைக்காத்து வடகிழக்கால வரும், மணம் நேரா அக்காவின்ட உடுப்புக் கொடிக்குத்தான் போகும். குசினியோட இருந்தா மணம் முதல்ல என்ட மூக்குக்கு வரும், அப்ப எனக்கே உமி மாத்தோணும் எண்டு தோணும். பகலில திறந்து விட்டா மதில் நிழலுக்கு அதுகளே நடந்து போகட்டும், 18 அடிதானே.

ஆறுக்கும் மூண்டரைக்கும் நடுவில, கூட்டுக்கு அஞ்சு. ஆனா இப்ப மூண்டு. வாற வருசம் ரெண்டு. பென்சன்காரருக்கு இடம் அதுக்குள்ளதான், அதுக்குப் பிறகு என்ன செய்யிறது எண்டு கொப்பியில ஒரு பக்கம் வெறுமையா விட்டிருக்கிறன். கிண்ணியா அக்கா சொன்ன மாதிரி முட்டைக்கோழி வேற, செல்லக்கோழி வேற எண்டு மகளிட்டச் சொல்லிப் பார்த்தன். "அப்ப செல்லக்கோழி முட்டை போட்டா அது எந்தப் பக்கம்?" எண்டு கேட்டா. எனக்குப் பதில் வரேல்ல.

மூண்டுக்கு கிழமையில பதினைஞ்சு முட்டை. 24 வராது. மிச்சம் ஒன்பதைக் கடையில வாங்கிறதா, திங்களும் மச்சம் இல்லாமப் பண்ணுறதா எண்டு கேட்டன். மாமி உடன திங்கள் நல்ல நாள் எண்டா. மகன் எழும்பிப் போயிட்டான்.

இவருக்குத்தான் மனம் ஆறேல்ல. பன்னிரண்டில இருந்து மூண்டுக்கு இறங்கிறது அவருக்கு மானப் பிரச்சினை மாதிரி. கூட்டு வேலையை அவரிட்டக் குடுத்தன். இப்ப அளவு நாடாவோட திரியிறார், 24 ஐ 28 ஆக்கலாமாம், கிணத்தடிக்கு ஆள் சரிஞ்சு போனாச் சரியாம்.

மாமிக்கு ஒரு சமாதானம் சொல்லோணும் எண்டு தேடிக்கொண்டிருந்தன். அவவே சொன்னா: "மூண்டெண்டாச் சரி, எண்ணாமலே தெரியும்." அம்மம்மா கேட்டிருந்தா சந்தோசப்பட்டிருப்பா.

தீன் மூட்டை பகிர உடுப்புக் கொடி அக்காவிட்டயே கேட்டன். தனக்கும் ரெண்டு மூண்டு வளர்க்க ஆசையாம், நான் என்ன சொல்லுவனோ எண்டு பேசாம இருந்தவவாம். ஊசி போட ரெண்டு வீடு ஆச்சு, இன்னும் ரெண்டைத் தேடுறன். உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கம் ஆரும் கோழி வைச்சிருந்தா இங்க எழுதுங்க.

தம்பலகாமம் ஐயா, உமி எடுக்க எப்ப வரலாம்? இவர் மோட்டார் சைக்கிளில வாறார், ரெண்டு மூட்டை கட்டலாம் எண்டுறார்.

தம்பலகாமம் வயல்காரன்

ஞாயிறு மில் பூட்டு. சனிக்கிழமை காலமை ஏழு மணிக்கு முதல் வரச் சொல்லு, பிறகு நெல்லு லொறி வந்து நிண்டா வழி இல்லை. சாக்கு நீங்கதான் கொண்டு வரோணும். ரெண்டு மூட்டை கட்ட ஏலாது, ஒண்டைக் கட்டி மற்றதை மனுசனின்ட மடியில வை.